நைட்ரஜன் ஊற்ற ஆள் வேண்டும்: எட்டிங்கர் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, இறந்தவர்களின் உடலை உறையவைத்துப் பிற்காலத்தில் உயிர்ப்பிக்கலாம் என்னும் கிரையோனிக்ஸ் கொள்கைக்கு வித்திட்ட அமெரிக்கர் ராபர்ட் எட்டிங்கரின் பெயரைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: யார் இந்த எட்டிங்கர்? மருத்துவரா, விஞ்ஞானியா? இப்படியொரு எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது?

பதில்: மருத்துவர் அல்லர், ஆய்வுக்கூடத்தில் காலம் கழித்த விஞ்ஞானியும் அல்லர். இயற்பியலும் கணிதமும் கற்பித்த கல்லூரி ஆசிரியர். 1918 டிசம்பர் 4 அன்று நியூஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில் பிறந்தவர், வளர்ந்தது மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில். பன்னிரண்டு வயதில், 1931 ஜூலையில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற இதழில் நீல் ஜோன்ஸ் எழுதி வெளியான ஓர் அறிவியல் கதையைப் படித்தார். அதில் ஒரு பேராசிரியர், தம் உடலை இறந்தபின் விண்வெளிக்கு அனுப்பிவிட ஏற்பாடு செய்கிறார். விண்வெளிக் குளிரில் கெடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த உடலை நான்கு கோடி ஆண்டுகள் கழித்து வேற்றுலக இயந்திர மனிதர்கள் கண்டெடுத்து, மூளைக்கு உயிர்கொடுக்கிறார்கள். கதையைப் படித்த மற்றச் சிறுவர்கள் இயந்திர மனிதர்களை நினைத்துக்கொண்டு தூங்கப் போயிருப்பார்கள். எட்டிங்கருக்கோ, இதற்கு வேற்றுலகத்தார் எதற்கு, நான்கு கோடி ஆண்டுகள் எதற்கு, நம் மருத்துவர்களே சில நூற்றாண்டுகளில் செய்துவிட மாட்டார்களா என்ற எண்ணம் தோன்றியது. பிற்காலத்தில் அவர் செய்தவை எல்லாம் இந்த ஓர் எண்ணத்தின் விரிவுதான்.

இரண்டாம் உலகப் போரில் காலாட்படை அதிகாரியாக இருந்த அவர், 1944 இறுதியில் ஜெர்மனியில் இரு கால்களிலும் கடுமையாகக் காயம்பட்டு, மிச்சிகனின் பேட்டில் கிரீக் ராணுவ மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார். எலும்பு ஒட்டு அறுவைச் சிகிச்சை அப்போது புதிது. சில ஆண்டுகளுக்கு முன் காயம்பட்டிருந்தால் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும் கால்கள் அந்தச் சிகிச்சையால் பிழைத்தன. இன்று முடியாதது நாளை முடியும் என்பதை உடம்பிலேயே உணர்ந்தவர் என்பதால்தான் அவரது நம்பிக்கை அவ்வளவு பிடிவாதமாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மருத்துவமனைக் கட்டிலில்தான், தவளையின் விந்தணுக்களைக் கிளிசரால் கலந்து உறையவைத்து மீட்கலாம் என்று பிரெஞ்சு உயிரியலாளர் ழான் ரோஸ்தான் கண்டறிந்த செய்தி அவருக்குக் கிடைத்தது. 1948 மார்ச்சில் அவரே ஒரு சிறுகதை எழுதி வெளியிட்டார். அதில் உறைந்து கிடந்து மீண்டெழும் செல்வந்தர் ஒருவர், எழுந்த இடத்தில் தம் பழைய தவறுகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிவருகிறது. மரணத்தை வெல்லும் முதல் கதையிலேயே மனிதர் தண்டனையையும் சேர்த்து எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: கதையெழுதியவர் இயக்கத் தலைவரானது எப்படி?

பதில்: வேறு யாரும் ஆகாததால். வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலிலும் கணிதத்திலும் முதுநிலைப் பட்டங்கள் பெற்றுக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அவர், பெரிய விஞ்ஞானிகள் யாரேனும் இந்தக் கருத்தைக் கையில் எடுப்பார்கள் என்று பல ஆண்டுகள் காத்திருந்தார். ஒருவரும் எடுக்கவில்லை. 1960இல், வயது நாற்பதைத் தாண்டிய நிலையில், நாட்டின் முக்கியப் பிரமுகர்களின் விவரத் தொகுப்பிலிருந்து சுமார் 200 பேரைத் தேர்ந்தெடுத்துத் தம் வாதத்தைச் சுருக்கமாக எழுதி அனுப்பினார். பதில் போட்டவர்கள் மிகச் சிலரே. கடிதம் போதாது, நூலே வேண்டும் என்று 1962இல் சொந்தச் செலவில் ஒரு முன்வரைவை அச்சிட்டார். அதை விரித்து 1964இல் டபுள்டே பதிப்பகம் ‘தி பிராஸ்பெக்ட் ஆஃப் இம்மார்ட்டாலிட்டி’ என்ற பெயரில் வெளியிட்டது. வெளியிடுவதற்கு முன் பதிப்பகத்தார் அதை அறிவியல் எழுத்தாளர் ஐசக் அசிமோவிடம் காட்டி, அறிவியல் அடிப்படையில் பழுதில்லை என்ற சொல்லை வாங்கிய பிறகே அச்சுக்கு அனுப்பினார்கள். ரோஸ்தான் அதற்கு முன்னுரை எழுதினார். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஜானி கார்சன் உள்ளிட்டோரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு இந்தக் கணக்கு வாத்தியார் விருந்தினராக அழைக்கப்பட்டார்.

நூலின் வாதத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். மரணம் என்பது ஒரு நொடியில் நிகழ்வதன்று, படிப்படியாக நிகழ்வது. இதயம் நின்றவரை ஒரு காலத்தில் பிணம் என்றார்கள், இன்று மார்பை அழுத்தி மீட்கிறார்கள். ஆக, “இறந்துவிட்டார்” என்று ஒரு மருத்துவர் சொல்வதற்கு, “என்னால் இனி ஒன்றும் செய்ய முடியாது” என்பதே பொருள். பிற்கால மருத்துவரிடம் அவரைக் கொண்டு சேர்க்கும் வண்டிதான் கடுங்குளிர். எரித்தாலும் புதைத்தாலும் வாய்ப்பு பூஜ்யம். உறையவைத்தால் வாய்ப்பு எவ்வளவு சிறிதாயினும் பூஜ்யம் அன்று. இவ்வளவுதான். கிரையோனிக்ஸ் என்ற சொல்லை அவர் உருவாக்கவில்லை. 1965இல் நியூயார்க்கில் கார்ல் வெர்னர் என்பவர் சூட்டிய பெயர் அது.

கேள்வி: வால்ட் டிஸ்னியின் உடல் உறையவைக்கப்பட்டுள்ளதாமே?

பதில்: இல்லை. 1966 டிசம்பர் 15 அன்று இறந்த அவரது உடல் எரியூட்டப்பட்டு, சாம்பல் கலிஃபோர்னியாவின் கிளெண்டேலில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டுள்ளது. அடுத்த மாதமே முதல் மனிதர் உறையவைக்கப்பட்ட செய்தி வந்ததால், இரண்டு செய்திகளும் மக்கள் வாயில் ஒன்றாகக் கலந்திருக்கக்கூடும்.

கேள்வி: அந்த முதல் மனிதர் யார்? அவர் உடல் இன்னும் இருக்கிறதா?

பதில்: ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்னும் ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். புற்றுநோயால் 1967 ஜனவரி 12 அன்று தம் 73ஆம் வயதில் இறந்தார். எட்டிங்கரின் நூலால் ஈர்க்கப்பட்ட கலிஃபோர்னியா குழுவினர் அவரை உறையவைத்தனர். அப்போதைய முறை மிக எளிமையானது. இன்றைய அளவுகோலால் பார்த்தால் கரடுமுரடானது. வியப்பு என்னவென்றால், அவர் இன்றும் இருக்கிறார். அந்தக் காலத்தில் உறையவைக்கப்பட்ட ஏனையோர் கைவிடப்பட்டுக் கரைந்துபோன நிலையில், பெட்ஃபோர்டின் மனைவியும் மகனும் திரவ நைட்ரஜனில் அவர் உடல் இருந்த கலத்தை ஊர் ஊராக, கிடங்கு கிடங்காக மாற்றி, பல ஆண்டுகள் தாங்களே செலவைச் சுமந்தார்கள். 1982இல் ஆல்கார் என்னும் கிரையோனிக்ஸ் அமைப்பு அவரை ஏற்றுக்கொண்டது. இன்று அரிசோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேலில் இருக்கிறார்.

1991இல் அவரை வேறு கலத்துக்கு மாற்றும்போது பழைய கலத்தைத் திறந்து பார்த்தார்கள். 1967இல் உடலைச் சுற்றிப் போட்ட பனிக்கட்டித் துண்டுகள் விளிம்பு மழுங்காமல் அப்படியே இருந்தன. இடையில் ஒருமுறையேனும் உருகியிருந்தால் கட்டியின் சதுர முனை தங்கியிருக்காது. எந்தக் கருவியின் பதிவேட்டையும்விட அந்தச் சதுர முனை, முதலில் ஒரு குடும்பமும் பிறகு ஆல்காரும் இருபத்துநான்கு ஆண்டுகள் தவறாமல் கவனித்துவந்ததற்குச் சான்று சொல்லிவிட்டது.

கேள்வி: கைவிடப்பட்டுக் கரைந்துபோனார்கள் என்கிறீர்களே, அது எப்படி நடந்தது?

பதில்: இந்த வரலாற்றில் எல்லோரும் மறக்க விரும்பும் பகுதி இது. ஆனால் எட்டிங்கரின் பிற்காலச் செயல்களைப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

பெட்ஃபோர்டை உறையவைத்த குழுவின் தலைவர் ராபர்ட் நெல்சன், தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்கும் தொழில் செய்தவர். ஆர்வத்துக்குக் குறைவில்லை, கையில் பணமில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே சாட்ஸ்வொர்த் என்ற இடத்திலுள்ள கல்லறைத் தோட்டத்தில் ஒரு நிலவறை அமைத்து, அங்கே உடல்களை வைக்கத் தொடங்கினார். ஒருவருக்காகச் செய்த கலத்தைத் திறந்து மேலும் சிலரை உள்ளே திணிக்கும் அளவுக்கு நெருக்கடி. தொடக்கத்தில் பணம் கட்டிய உறவினர்கள் சிலர் ஓரிரு ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். துயரத்தின் சூட்டில் ஒப்புக்கொண்ட மாதச் செலவு, துயரம் ஆறியபின் பாரமாகத் தெரிவது இயல்புதானே. கலத்தின் இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடத்தைக் காக்கும் பம்பு பழுதானது. நைட்ரஜன் தீர்ந்தது. இவற்றை அவர் வெளியே சொல்லவில்லை. பணம் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களும், தங்கள் அன்புக்குரியவர் உறைநிலையில் பத்திரமாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். 1979இல் உண்மை வெளியானபோது ஒன்பது உடல்கள் சிதைந்துபோயிருந்தன. உறவினர்கள் வழக்குத் தொடுத்து, 1981இல் தங்களுக்குச் சாதகமான தீர்ப்பும் பெற்றார்கள்.

இந்த ஒன்பது பேர் விஷயத்தில் தோற்றது அறிவியல் அன்று. உயிர்ப்பிக்க முடியுமா என்ற கேள்வி வரை அங்கே யாரும் போகவே இல்லை. தோற்றது பராமரிப்பு: யார் ஊற்றுவது, எந்தப் பணத்தில் ஊற்றுவது, ஊற்றாவிட்டால் யார் கேட்பது.

கேள்வி: மின்சாரம் தடைப்பட்டால் உடல்கள் என்ன ஆகும்?

பதில்: ஒன்றும் ஆகாது. பலரும் பெரிய குளிர்பதனப் பெட்டியைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். உண்மையில் அது ஆளுயரத்தைக் கடந்த ஒரு வெந்நீர்க் குடுவை போன்றது. இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம். உள்ளே மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜன். அது சொட்டுச் சொட்டாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். குறைந்த அளவுக்கு மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உடல்களைத் தலைகீழாக வைப்பார்கள். மட்டம் இறங்கினால் முதலில் வெளியே தெரிவது பாதமாக இருக்கட்டும், மூளை கடைசி வரை நனைந்திருக்கட்டும் என்ற கணக்கு. மின்வெட்டு அவர்களுக்கு ஆபத்தன்று. ஊற்ற ஆளில்லாமல் போவதே ஆபத்து.

கேள்வி: கருமுட்டையையும் கருவையும் உறையவைத்துக் குழந்தை பிறக்கச் செய்கிறார்கள். கருவுக்கு முடிவது முழு மனிதருக்கு ஏன் முடியாது?

பதில்: நல்ல கேள்வி, எட்டிங்கரும் இதே ஒப்புமையைத்தான் சுட்டுவார். உறைந்த கருவிலிருந்து முதல் குழந்தை 1984இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தபோது அவர் தரப்புக்குப் பெரும் ஊக்கம் கிடைத்தது. ஆனால் தொலைவு அதிகம்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. அதைவிடப் பெரிய சேதம், செல்களுக்கு வெளியே பனிப்படிகம் வளர வளர, எஞ்சிய நீரில் உப்பு அடர்ந்து, செல்லிலிருந்து நீரை உறிஞ்சி அதைச் சுருங்க வைப்பது. கிளிசரால் போன்ற காப்புத் திரவங்களைப் போதிய அளவு செலுத்திவிட்டால், நீர் படிகமாகாமல் குழம்பாக இறுகிக் கண்ணாடி போலத் திடமாகிவிடும். கரு என்பது சில செல்கள். திரவம் சில நிமிடங்களில் ஊடுருவும், குளிர்வதும் சூடாவதும் கண் இமைப்பதற்குள் நடக்கும். மூளையோ சுமார் 1,400 கிராம் எடையுள்ளது. திரவத்தை ரத்தக் குழாய் வழியாகத்தான் அனுப்ப முடியும். இறந்து நேரமாகியிருந்தால் அக்குழாய்கள் அடைபட்டிருக்கும். அடர்த்தியான காப்புத் திரவமே செல்லுக்கு நஞ்சு. கண்ணாடியான திசு மேலும் குளிரும்போது விரிசல் விடும். இத்தனையும் தாண்டினாலும், திரும்பச் சூடாக்கும்போது எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் சூடாகாவிட்டால் வழியிலேயே பனிப்படிகம் முளைத்துவிடும்.

முன்னேற்றமே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. 2023இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார், எலியின் சிறுநீரகங்களை 100 நாட்கள் வரை கண்ணாடிநிலையில் வைத்திருந்து, நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களைக் காந்தப்புலத்தால் சூடேற்றிச் சீராக உருக்கி, வேறு எலிகளுக்குப் பொருத்தி இயங்க வைத்தார்கள். வட அமெரிக்காவின் காட்டுத் தவளை ஒன்று, உடல் நீரில் பாதிக்கு மேல் பனியாகி, இதயமும் நின்று, வசந்தத்தில் உருகித் தத்திச் செல்கிறது. தன் கல்லீரலே சுரந்த சர்க்கரைதான் அதற்குக் காப்புத் திரவம். ஆனால் அந்தத் தவளை தாங்குவது நீரின் உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரிக்குள்தான். மைனஸ் 196 டிகிரிக்குப் போய்த் திரும்பிய தவளை இல்லை. முழுப் பாலூட்டி ஒன்றும் அந்தக் குளிரிலிருந்து இதுவரை உயிரோடு மீண்டதில்லை. உறைநிலை உயிரியலாளர்களின் சங்கம், இறந்தவர்களை உறையவைப்போருக்கு உறுப்பினர் தகுதி இல்லை என்று 1982இல் விதியே இயற்றிவிட்டது.

கேள்வி: எட்டிங்கர் இதில் பணம் பண்ணினாரா? ஏமாற்று வேலை என்று ஏன் சொல்லக்கூடாது?

பதில்: அவர் 1976இல் நண்பர்களோடு தொடங்கிய கிரையோனிக்ஸ் இன்ஸ்டிட்யூட் லாபநோக்கற்ற அமைப்பு, மிச்சிகனின் கிளிண்டன் டவுன்ஷிப்பில், எந்தப் பகட்டும் இல்லாத, சாதாரணக் கிடங்கு போன்ற கட்டடத்தில் இயங்குகிறது. உறையவைப்பதற்கான அடிப்படைக் கட்டணம் 28,000 டாலர். பல்லாண்டுகள் அந்தத் தொகையை உயர்த்தாமலே வைத்திருந்தார்கள். ஆல்காரில் முழு உடலுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் ஆகும். பெரும்பாலோர் இதற்கென ஆயுள் காப்பீடு எடுத்து, அமைப்பை வாரிசாகக் குறிப்பிட்டுவிடுகிறார்கள்.

இந்த முன்பணத்தில்தான் சாட்ஸ்வொர்த்தின் பாடம் இருக்கிறது. உறவினரின் மாதத் தவணையை நம்புவதில்லை. முழுத் தொகையையும் தொடக்கத்திலேயே பெற்று முதலீடு செய்து, அதன் வருவாயில் நைட்ரஜன் வாங்குகிறார்கள். விலை உயர்ந்த உலோகக் கலங்களுக்கு மாற்றாகக் கண்ணாடியிழைக் கலங்களைத் தாங்களே செய்துகொண்டார்கள். நூலில் அமரத்துவம் பேசியவர், நடைமுறையில் ஒரு சிக்கனமான கிடங்கு மேலாளராகவே 2003 வரை தலைமைப் பொறுப்பில் இருந்தார். எனக்கு அவரிடம் மதிப்பு உண்டாக்குவது இந்த இரண்டாவது எட்டிங்கர்தான். அறிந்தே பொய் சொல்பவனைத்தான் ஏமாற்றுக்காரன் என்கிறோம். இவரோ தாம் விற்றதைத் தம் வீட்டாருக்கே முதலில் வாங்கியவர். அதனால் அவர் சொன்னது சரியாகிவிடாது என்பது வேறு விஷயம். அவரது நம்பிக்கை பிற்கால மனிதர்களின் திறமை மீது மட்டுமின்றி, அவர்களது நல்லெண்ணத்தின் மீதும் கட்டப்பட்டது. நம்மை எழுப்ப அவர்கள் ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கேள்விக்கு அவர் தந்த விடைகள் எனக்கு நிறைவளிக்கவில்லை.

கேள்வி: சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? உயிரோடு இருக்கும்போதே உறையவைக்க முடியுமா?

பதில்: முடியாது, அது கொலையாகும். சட்டப்படி இறந்தார் என்று அறிவிக்கப்பட்ட பிறகே கை வைக்க முடியும். சட்டத்துக்கு அவர் பிரேதம்; அமைப்பாருக்கு அவர் ‘நோயாளி’. மிச்சிகன் அரசு 2003இல் குறுக்கிட்டு, பின்னர் எட்டிங்கரின் அமைப்பைக் கல்லறைத் தோட்டமாகப் பதிவு செய்ய வைத்தது. மரணம் என்ற சொல்லையே ஏற்க மறுத்தவர், அரசாங்கக் கோப்பில் இடுகாட்டுக்காரர் ஆனார். 2016இல் இங்கிலாந்தில், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, தன் உடலை உறையவைக்கத் தாய்க்கு உரிமை தருமாறு நீதிமன்றத்துக்கு எழுதினாள். பெற்றோரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. நீதிபதி பீட்டர் ஜாக்சன், இந்த முறை பலிக்குமா என்பதற்குள் தாம் போகவில்லை, உடலைப் பற்றி முடிவெடுப்பது யார் என்பதையே தீர்மானிக்கிறேன் என்று தெளிவுபடுத்தி, தாயின் பக்கம் தீர்ப்பளித்தார்.

கேள்வி: எட்டிங்கரும் உறையவைக்கப்பட்டாரா? அவர் குடும்பத்தார்?

பதில்: அவரது அமைப்பில் முதலில் உறையவைக்கப்பட்டவர் அவருடைய தாய் ரியா, ஆண்டு 1977. முதல் மனைவி எலெயின் 1987இலும், இரண்டாம் மனைவி மே என்பவர் 2000இலும் அங்கேயே வைக்கப்பட்டார்கள். இரு மனைவியரும் ஒருங்கே எழுந்தால் என்ன செய்வார் என்று கேட்டு இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. அந்தப் பஞ்சாயத்தைப் பிற்காலத்தாரிடமே விட்டுவிடுவோம். எட்டிங்கர் 2011 ஜூலை 23 அன்று தம் 92ஆம் வயதில் கிளிண்டன் டவுன்ஷிப் இல்லத்தில் காலமானார். முன்கூட்டியே பனிக்கட்டியோடு ஆட்கள் ஆயத்தமாக இருந்ததால் தாமதமின்றி உடல் குளிர்விக்கப்பட்டது. அந்த அமைப்பின் 106ஆவது ‘நோயாளி’ அவர்.

கிரையோனிக்ஸ் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு: கடைசியில் உள்ளே போனவரே முதலில் வெளியே வருவார். உறையவைக்கும் நுட்பம் ஆண்டுக்காண்டு மேம்படுவதால், அண்மையில் வந்தவருக்குச் சேதம் குறைவு, அவரை மீட்பதே எளிது என்பது அதன் கணக்கு. 1977இன் பழைய முறையில் உறைந்த ரியா, அந்தக் கணக்குப்படி, வரிசையின் கடைசியில் நிற்கிறார். எட்டிங்கர் நம்பியது அத்தனையும் நடந்தேறினாலும், மகன் முதலில் எழுந்து, தாய்க்காக அந்தக் கலத்தின் அருகே காத்திருக்க வேண்டிவரும். அதுவரை அதில் நைட்ரஜன் குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவருக்கு இருக்கும்.